மின்தடைக்குக் காரணம்

ஆறாம் கட்டைக்கு அப்பால், கடற்கரைப் பக்கத்து லைன்.
கம்பம் நாற்பத்தொன்று.
பியூஸ் போனது விடியற்புறம் மூன்றே முக்காலுக்கு,
மழை விட்டும் விடாத நேரம்.
காரணம் என்ற கட்டத்துக்குள்
ஈரப் பேனையால் எழுதினேன்:
கம்பத்தில் கொடி ஏறியது. இறக்கப்பட்டது.

ஒன்பது மணிக்கு முதல் அழைப்பு.
என்ன கொடி?
பேர் தெரியாது சேர்.
பேர் தெரியாத கொடியா?
குரல் கதிரையை விட்டு எழும்பியது.
நிறம்?
பச்சை. இடைக்கிடை சிவப்பு. சிவப்பில வெள்ளைக் கோடு.
மறுமுனையில் யாரோ குறித்துக்கொள்ளும் சத்தம்.
யார் ஏற்றினது?
ஒருத்தருமில்லை. தானாத்தான் ஏறினது.
ஒரே இரவிலயா?
இல்லை சேர், ஐப்பசி மழையோட தொடங்கினது.
இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டா நிண்டீங்கள்?

உண்மையில், பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பதிவைச் சிங்களத்தில் மாற்றி அனுப்பியவள் சந்தமாலி.
கவனமான பிள்ளை, ஒரு முற்றுப்புள்ளியும் தவறவிடாள்.
அவள் மொழியிலும் கொடி இருக்கிறது,
கொடிய என்பார்கள்
(தமிழ்க் கண்ணால் வாசித்தால் முகம் கறுக்கும் சொல்).
இங்கிருந்து போனதோ, அங்கிருந்து வந்ததோ,
பயணத்தில் அது துணியை மட்டும் தூக்கிப்போயிருக்கிறது,
இலையை வழியில் போட்டுவிட்டு.
இந்த ஊரில் துணி என்றால் சும்மாவா.
கம்பத்தில் எது அசைந்தாலும்
கீழே நிற்கிறவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

மத்தியானம் ஜீப் வந்தது.
மூன்று பேர் இறங்கி அண்ணாந்து பார்த்தார்கள்.
மேலே காகமும் கம்பியும்.
கீழே, கானுக்குள், நேற்று நான் அறுத்துப் போட்ட குவியல்.
ஒருவர் சப்பாத்து நுனியால் கிளறினார்.
இதுவா?
இதுதான்.
கோலிக்குண்டளவில் ஒரு பழம் உருண்டுபோய்
அவருடைய சப்பாத்தடியில் நின்றது,
கோடு போட்ட சட்டையோடு.

பிழை திருத்தி எழுதச் சொன்னார்கள், பெயரோடு.
கோவை எண்டு போடு, என்றான் முஸம்மில், ஏணியிலிருந்து.
கோவை இலை இப்படிக் கிழியாது.
அப்ப பேய்க்கோவை.
பேய் என்று எழுதினால் அதற்கும் ஒரு ஜீப் வரும்.
கருவாட்டுக் கடை செபமாலைமுத்து
தராசிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார்:
ஐவிரலி. தின்னாதேங்கோ, வயிறு கெடும்.
இலையைத் தொடையில் வைத்து விரித்தேன்.
ஐந்துதான்.
பக்கத்தில் என் ரப்பர் கையுறை
அதே மாதிரி விரிந்து கிடந்தது.

எழுதினேன்: ஐவிரலி ஏறியது.

மூன்றாம் நாள் கடிதம்.
மேற்படி ஐவிரலி என்பவரின் நிரந்தர முகவரியும்
அடையாள அட்டை இலக்கமும்
உடன் அனுப்பிவைக்கவும்.

முஸம்மில் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது.
நான் ஸ்டே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அதில் ஒரு பற்றுக்கம்பி இன்னும் கழராமல் இருந்தது.
பள்ளிக்கூடத்தில் தந்து என்று படித்தோம்.
நான் லைன்காரன், எனக்கு அது கம்பி.
காய்ந்து, தலைமயிர் மாதிரி மெல்லியதாய்.
பாதித் தூரம் வலப்பக்கம் சுற்றியிருந்தது,
மீதித் தூரம் இடப்பக்கம்.
நடுவில் ஒரு நெல் நீளத்துக்கு
எந்தப் பக்கமும் சுற்றாத இடம்.
இரு முனையும் பிடிபட்டுப்போனால்
இப்படித்தான் சுற்றலாம் போலிருக்கிறது.
இழுத்து விட்டேன். துள்ளித் திரும்பியது.
எங்கள் ஸ்டோரில் இப்படி ஒரு ஸ்பிரிங் இல்லை.

முகவரிக்கு நேரே எழுதினேன்: கம்பம் நாற்பத்தொன்று.
அடையாள அட்டைக்கு நேரே ஒரு கோடு.

ஞாயிற்றுக்கிழமை
சட்டைப் பைக்குள் கைவிட்ட இசபெல்லா கத்தினாள்.
என்ன இது, வழுவழு எண்டு?
கொடி, என்றேன்.
அவள் காதில் அது விழுந்த விதம் வேறு.
கழுவி, உதறி,
கிணற்றடியிலிருந்து முருங்கை வரை இழுத்த கொடியில்
என் காக்கிச் சட்டையை
இரண்டு கையும் விரித்துக் காயப்போட்டாள்.
விதைகள் கிணற்றடி ஈரத்தில் எங்கேயோ.
சோளகம் தொடங்க இன்னும் மூன்று மாதம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.